டீயும் ரத்தமும் இதயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய வால்வு மாற்றியவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தார் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டீ நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. எந்த இலை, எவ்வளவு, கூடவே என்ன மாத்திரை என்ற மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

டீ குடித்தால் ரத்தம் நீர்த்துப்போகுமா?

போகாது. ரத்தம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சிவப்பணுக்கள். ஆரோக்கியமான பெரியவர்களின் ரத்தத்தில் ஏறக்குறைய 36 முதல் 50 சதவீதம் வரை அவைதான் நிறைந்திருக்கும். ஆண்களுக்குச் சற்றுக் கூடுதல், பெண்களுக்குச் சற்றுக் குறைவு. அடுத்த பங்கு பிளாஸ்மாவில் உள்ள புரதங்களுக்கு, முக்கியமாக ஃபைப்ரினோஜனுக்கு. உடம்பில் நீர் வற்றினாலும் ரத்தம் கெட்டிப்படும். டீயில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், நீர்ச்சத்தைக் காப்பதில் அதற்கும் பங்கு உண்டு. டீ குடித்தால் எல்லாம் சிறுநீராகப் போய் உடம்பு வற்றிவிடும் என்ற பயம், தினமும் டீ குடித்துப் பழகியவருக்குத் தேவையில்லை.

ரத்தம் உறைவது இதிலிருந்து வேறுபட்ட வேலை. காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு உறைதல் காரணிகள் எனப்படும் புரதங்கள் வரிசையாகத் தூண்டப்பட்டு, ஃபைப்ரின் இழைகளால் ஒரு வலை பின்னும். வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இந்த வேலையைத்தான் மட்டுப்படுத்துகின்றன. அவற்றைச் சாப்பிடுபவரின் ரத்தம் தண்ணீராகிவிடுவதில்லை. அது உறைவது தாமதமாகும் அல்லது குறையும். டீயும் மூலிகைகளும் ஏதாவது செய்தால், அநேகமாக இந்த உறைதல் பக்கத்தில்தான் செய்கின்றன.

"உங்கள் ரத்தம் கெட்டியாக இருக்கிறது" என்று டாக்டர் சொன்னார். எந்த டீ குடிக்கலாம்?

எந்த டீ என்று தேடுவதற்கு முன்னால், எந்தப் பொருளில் அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். சிவப்பணுக்கள் அதிகமா, அல்லது ரத்தக்கட்டி உண்டாகும் போக்கு இருக்கிறதா? புகைப்பழக்கம், நாள்பட்ட நுரையீரல் நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, எலும்பு மஜ்ஜைக் கோளாறு என முதலாவதற்குக் காரணங்கள் பல. பாலிசைத்தீமியா வெரா என்ற மஜ்ஜை நோயில், சிவப்பணுக்களின் பங்கை 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க உடம்பிலிருந்து ரத்தத்தையே வெளியே எடுப்பார்கள். அந்த வேலையை எந்த இலையாலும் செய்ய முடியாது. இரண்டாவது வகையாக இருந்தாலும் மருந்துக்குப் பதிலாக டீ என்பது ஆபத்தான மாற்று.

வார்ஃபரின் சாப்பிடுகிறேன். கிரீன் டீ கூடவே கூடாதா?

குடிக்கலாம். ஆனால் அளவு நாளுக்கு நாள் மாறக் கூடாது.

உறைதல் காரணிகளில் நான்கைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே தேவை. வார்ஃபரின் அந்த வைட்டமின் மறுபடி மறுபடி பயன்படுவதைத் தடுக்கிறது. எனவே சாப்பாட்டில் வைட்டமின் கே திடீரென்று கூடினால் மருந்தின் வேகம் குறையும், திடீரென்று குறைந்தால் மருந்தின் வேகம் கூடும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனை காட்டுவது இந்தச் சமநிலையை; எண் கூடினால் உறைவது தாமதம், குறைந்தால் சீக்கிரம். பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 3 வரையும், இதயத்தின் இடப்பக்கமுள்ள மைட்ரல் வால்வின் இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரையும் இருக்க வேண்டும்.

உலர்ந்த கிரீன் டீ இலையில் வைட்டமின் கே ஏராளம். அதைப் படித்துவிட்டுத்தான் பலர் பயந்து டீயை நிறுத்துகிறார்கள். ஆனால் அந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது, தண்ணீரில் கரையாது. இலையை ஊறவைத்து வடிகட்டிவிட்டால் கோப்பையில் இறங்குவது மிகச் சொற்பம். அதனால் தினமும் ஒன்றிரண்டு கப் குடிப்பது பெரும்பாலும் ஐஎன்ஆரைத் தொந்தரவு செய்வதில்லை.

அளவு மீறினால் நடப்பது வேறு. 1999-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான சம்பவம் இது: இதய வால்வு மாற்றி, வார்ஃபரின் எடுத்துவந்த 44 வயதுக்காரர் ஒருவரின் ஐஎன்ஆர் 3.79-லிருந்து 1.37-க்கு இறங்கிவிட்டது. விசாரித்தபோது, ஏறக்குறைய ஒரு வாரமாகத் தினமும் அரை காலன் முதல் ஒரு காலன் வரை, அதாவது இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை, கிரீன் டீ குடித்துவந்தது தெரிந்தது. நிறுத்தியதும் 2.55-க்கு ஏறியது. வால்வு வைத்தவருக்கு 1.37 என்பது வால்வில் ரத்தக்கட்டி படியும் அபாயத்தைக் கூட்டும் அளவு.

மாட்சாவை மட்டும் தனியாக எச்சரிக்கிறேன். அது இலையையே பொடியாக்கிக் கரைத்துக் குடிப்பது. இலை வயிற்றுக்குள் போகிறது, அதிலுள்ள வைட்டமின் கே-யும் கூடவே போகிறது. வார்ஃபரின் எடுப்பவர் மாட்சாவுக்கு மாற நினைத்தால் முதலில் டாக்டரிடம் சொல்லி, அடுத்த ஐஎன்ஆர் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது.

இதுவரை தினமும் குடித்தேன், இப்போது நிறுத்தப் போகிறேன். அதையும் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். உங்கள் மாத்திரையின் அளவு நீங்கள் அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது நிர்ணயித்தது. நிறுத்துவதும் ஒரு மாற்றம்தான்.

நான் எடுப்பது அபிக்ஸாபன் அல்லது ரிவராக்ஸாபன். எனக்கும் இதே கட்டுப்பாடா?

வைட்டமின் கே விஷயத்தில் இல்லை. இந்தப் புதிய மருந்துகளும் டாபிகாட்ரனும் உறைதல் காரணிகளை நேரடியாகத் தடுப்பவை, கீரை சாப்பிட்டாலும் கிரீன் டீ குடித்தாலும் அந்த வழியாக மாறாதவை. ஆனால் இவற்றுக்கு வேறொரு எதிரி உண்டு. மனச்சோர்வுக்கு நல்லது என்று மூலிகை டீயாக விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், மருந்துகளை உடம்பு வெளியேற்றும் வேகத்தைக் கூட்டிவிடும். அபிக்ஸாபன், ரிவராக்ஸாபன், டாபிகாட்ரன், வார்ஃபரின், இதய மருந்தான டிகாக்ஸின் எல்லாவற்றின் அளவும் ரத்தத்தில் குறையும். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும் பக்கவாதம் வரக்கூடிய நிலை இது. கலவை மூலிகை டீ வாங்கினால் பெட்டியின் பின்பக்கம் உள்ள சிறிய எழுத்தை அவசியம் படியுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள்?

இவை தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்பவை. டீயில் உள்ள கேட்டச்சின்கள் என்ற தாவரச் சேர்மங்களும் சோதனைக் குழாயில் அதையே ஓரளவு செய்கின்றன. மனிதர்களிடம் முடிவுகள் கலவையாகவே வந்திருக்கின்றன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 75 ஆண்களை ஆறு வாரம் கவனித்த ஓர் ஆய்வில், பிளாக் டீ குடித்தவர்களிடம் தட்டணுக்களின் கிளர்ச்சி சற்றுக் குறைந்திருந்தது. டீ போலவே சுவையும் காஃபினும் உள்ள போலிப் பானம் குடித்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு என்பதால் எனக்கு அதில் மதிப்பு உண்டு. ஆனாலும் அந்த விளைவு சிறியது. வழக்கமான சில கப் டீயால் ஆஸ்பிரின் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. டீ குடிப்பதால் ஆஸ்பிரினை விட்டுவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. ஸ்டென்ட் வைத்தபின் இந்த மாத்திரைகளைச் சொந்த முடிவில் நிறுத்துவது ஸ்டென்ட்டுக்குள்ளேயே அடைப்பை உண்டாக்கலாம்.

கிரீன் டீ இதயத்துக்கு நல்லது என்பதற்கு உண்மையில் ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. ஜப்பானின் ஒசாகி ஆய்வு 1994-ல் தொடங்கி 40,530 பேரைத் தொடர்ந்து கவனித்தது. முடிவு 2006-ல் வெளியானது. நாளுக்கு ஐந்து கப்பும் அதற்கு மேலும் கிரீன் டீ குடித்தவர்களிடம், ஒரு கப்புக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட, இதயநோய் மற்றும் பக்கவாத மரணங்கள் 26 சதவீதம் குறைவாக இருந்தன. பெண்களிடம் இந்த வேறுபாடு கூடுதல். அங்கே ஒரு கப் என்பது சுமார் 100 மில்லிதான் என்பதை மறந்துவிட வேண்டாம். பெரிய மக் ஒன்றில் அதுபோல மூன்று அடங்கும்.

இது கவனித்துப் பார்த்த ஆய்வு, டீயைக் கொடுத்துச் சோதித்த ஆய்வு இல்லை. டீ அதிகம் குடிப்பவர்கள் வேறு விதங்களிலும் ஆரோக்கியமாக வாழ்ந்திருக்கலாம்; ஆய்வாளர்கள் அதற்கெல்லாம் கணக்கில் இடம் கொடுத்தாலும் முழுவதும் பிரித்துவிட முடியாது. டீயைக் கொடுத்தே சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், கிரீன் டீ கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை ஒரு டெசிலிட்டருக்கு 2 முதல் 5 மில்லிகிராம் வரை குறைக்கிறது. ஸ்டாட்டின் மாத்திரை குறைப்பதோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு. எல்டிஎல் 160 உள்ளவர் கிரீன் டீயை மட்டும் நம்பி இருக்க முடியாது.

பிளாக் டீக்கு அந்தப் பெருமை இல்லையா?

உண்டு, பேசுபவர்கள்தான் குறைவு. பச்சை இலையை வாடவிட்டு, நசுக்கி, காற்றில் ஆக்ஸிஜனேற்றம் செய்யும்போது கேட்டச்சின்கள் தியாஃபிளேவின், தியாரூபிகின் என்ற வேறு சேர்மங்களாக மாறுகின்றன. அவற்றுக்கும் ரத்தநாளங்களின் மேல் விளைவு உண்டு. ஆஸ்திரேலியாவில் 95 பேருக்கு ஆறு மாதம் தினமும் மூன்று கப் அளவு பிளாக் டீ கொடுத்துப் பார்த்தபோது, ரத்த அழுத்தம் 2 முதல் 3 புள்ளி குறைந்தது. பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரை 11 ஆண்டுகள் கவனித்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு இரண்டு கப்பும் அதற்கு மேலும் குடித்தவர்களிடம் மரண அபாயம் 9 முதல் 13 சதவீதம் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் குடித்தது பிளாக் டீ.

பால் சேர்த்தால் பலன் போய்விடுமா?

இந்தக் கேள்வி கிளம்பியது 2007-ல். பெர்லினில் 16 பெண்களிடம் செய்த சோதனையில், பிளாக் டீ குடித்ததும் ரத்தநாளம் நன்றாக விரிந்தது. பால் சேர்த்துக் கொடுத்தபோது அந்த விரிவு காணப்படவில்லை. பாலிலுள்ள கேசீன் புரதம் கேட்டச்சின்களைப் பிடித்துக்கொள்வதாக விளக்கம் சொன்னார்கள். ஆனால் நான் மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில் பால் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பதினாறு பேரிடம் சில மணி நேரம் பார்த்ததையும் ஐந்து லட்சம் பேரிடம் பல ஆண்டுகள் பார்த்ததையும் அருகருகே வைத்தால், பாலுக்காக யாரும் கவலைப்படத் தேவையில்லை என்பதே என் கருத்து. சர்க்கரைதான் கவனிக்க வேண்டியது. நாளுக்கு நான்கு கப், கப்புக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன் சர்க்கரை. டீ இதயத்துக்குத் தரும் சின்னப் பலனை அது எளிதாகத் தின்றுவிடும்.

ரத்த அழுத்த மாத்திரையோடு கிரீன் டீ மோதுமா?

ஒரு மருந்தோடு பலமாக மோதுகிறது: பீட்டா பிளாக்கர் என்ற அழுத்த மருந்து வகையைச் சேர்ந்த நாடோலால். ஜப்பானில் பத்துப் பேருக்கு இரண்டு வாரம் தினமும் 700 மில்லி கிரீன் டீ கொடுத்து, பிறகு நாடோலால் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த மருந்தின் அளவு 85 சதவீதம் குறைந்திருந்தது. 2014-ல் வெளியான ஆய்வு இது. மருந்தைக் குடலிலிருந்து உள்ளே கொண்டுபோகும் ஒரு கடத்திப் புரதத்தை டீயின் கேட்டச்சின்கள் தடுப்பதாகக் கருதுகிறார்கள். எல்லா பீட்டா பிளாக்கர்களும் இப்படி இல்லை. எதுவாக இருந்தாலும் மாத்திரையை வெறும் தண்ணீரோடு விழுங்குவதுதான் சரி. டீயோடு விழுங்கும் பழக்கம் வேண்டாம்.

ஹைபிஸ்கஸ் டீ அழுத்தத்தைக் குறைக்கும் என்கிறார்களே?

மூலிகை டீக்களில் நல்ல ஆதாரம் உள்ளது இதற்குத்தான். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில், அழுத்தம் லேசாக உயர்ந்திருந்த 65 பேரை எடுத்துக்கொண்டு ஆறு வாரம் தினமும் மூன்று கப் கொடுத்தார்கள். மேல் அளவு சராசரியாக 7.2 புள்ளி இறங்கியது. போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3 மட்டும். ஆய்வில் பயன்பட்டது ரோசெல் என்ற செடியின் சிவந்த புல்லிவட்டம், புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்தது. தோட்டத்தில் பெரிய பூவாகப் பூக்கும் செம்பருத்தி வேறு செடி. அந்த எண்களை அதற்குப் பொருத்திப் பேச முடியாது.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் இதையும் தினமும் மூன்று கப் குடித்தால் அழுத்தம் வேண்டியதைவிடக் கீழே போகலாம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அழுத்தத்தை அளந்து பாருங்கள்.

அதிமதுர டீ தொண்டைக்கு இதமாக இருக்கிறது. தினமும் குடிக்கலாமா?

இதயநோயாளிகள், அழுத்தம் உள்ளவர்கள் தினமும் குடிக்கவே கூடாத டீ என்று நான் சொல்வது இதைத்தான். மற்ற டீக்களைப் பற்றி இவ்வளவு பயப்படுபவர்கள் இதை எந்த யோசனையும் இல்லாமல் குடிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளிசரைசின். சிறுநீரகத்தில் கார்ட்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி உண்டு. கிளிசரைசின் அதைத் தடுக்கிறது. அதனால் கார்ட்டிசோல், உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன்போல வேலை செய்யத் தொடங்கும். உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும், அழுத்தம் ஏறும். பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தினமும் இரண்டு அவுன்ஸ், அதாவது 57 கிராம், கருப்பு அதிமதுர மிட்டாயை இரண்டு வாரம் சாப்பிட்டால் துடிப்புக் கோளாறோடு மருத்துவமனைக்குப் போக நேரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. நாளுக்கு 100 மில்லிகிராம் கிளிசரைசின்கூட அழுத்தத்தை உயர்த்துவதை 2024-ல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நீர் மாத்திரை எடுப்பவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் குறையும் வாய்ப்பு உண்டு. டிகாக்ஸின் எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தே நஞ்சாகும். இருமல், தொண்டைக் கலவை டீக்களில் இனிப்புக்காக இதைச் சேர்ப்பது சாதாரணம்; பெட்டியின் முகப்பில் அதன் பெயர் இல்லாமலும் இருக்கலாம்.

இஞ்சி, மஞ்சள், பட்டை டீ ரத்தம் உறைவதைத் தடுக்குமா?

மூன்றும் ஒரே மாதிரி இல்லை.

இஞ்சி சோதனைக் குழாயில் தட்டணுக்களைத் தடுக்கிறது. மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணானவை. ஆரோக்கியமான ஆண்கள் 12 பேரிடம் வார்ஃபரினோடு இஞ்சி கொடுத்துப் பார்த்தபோது மருந்தின் வேலை மாறவில்லை. சில துண்டு இஞ்சி தட்டிப் போட்ட டீக்குப் பயம் வேண்டாம். இஞ்சி மாத்திரைகள் வேறு கணக்கு.

மஞ்சளிலும் டீயைவிட அதன் செறிவூட்டிய மாத்திரைகளும் சாறுகளும்தான் பிரச்சினை. வார்ஃபரின் எடுத்துவந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றைத் தொடங்கிய பிறகு ஐஎன்ஆர் 10-க்கு மேல் போனதாக நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. அந்த அளவில் மூளைக்குள்ளேயே ரத்தம் கசியலாம்.

பட்டையில் கூமரின் என்ற மணப்பொருள் இருப்பதால் அது வார்ஃபரின் மாதிரி வேலை செய்யும் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. தீவனத்தில் பூஞ்சை பிடித்தபோது கூமரின் டைகூமரால் என்ற வேறு பொருளாக மாறியிருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க்கின் குழு அதைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாகவும், 1954-ல் மனிதர்களுக்கான மருந்தாகவும் வந்தது. மாறாத கூமரினுக்கு அந்தச் சக்தி இல்லை. அது தொந்தரவு தருவது கல்லீரலுக்கு. தடித்த காஸியா பட்டையில் கூமரின் அதிகம், மெல்லிய சிலோன் பட்டையில் மிகக் குறைவு. தினமும் பட்டை டீ குடிப்பவர்கள் சிலோன் பட்டையைத் தேர்ந்தெடுங்கள்.

தூக்கத்துக்குக் கெமோமில் டீ?

மற்றவர்களுக்குச் சரி. வார்ஃபரின் எடுப்பவர்கள் கவனம். எழுபது வயதுப் பெண் ஒருவர் நாளுக்கு நான்கைந்து கப் கெமோமில் டீ குடித்து, கெமோமில் கலந்த லோஷனும் பூசிவந்தார். ஐஎன்ஆர் 7.9-க்கு ஏறி, உள்ளுக்குள் பல இடங்களில் ரத்தம் கசிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கனடாவின் மருத்துவ இதழ் 2006-ல் இதைப் பதிவு செய்தது. சீன மூலிகையான டான்ஷென், கோஜி பெர்ரி டீக்களும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டியதாகப் பதிவுகள் உண்டு.

படபடப்பு இருக்கிறது. டீயை விட வேண்டுமா?

ஒரு கப் பிளாக் டீயில் பொதுவாக 40 முதல் 50 மில்லிகிராம் காஃபின் இருக்கும். கிரீன் டீயில் அதைவிடக் குறைவு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரையும், கர்ப்பிணிகளுக்கு 200 வரையும் பொதுவாகப் பாதுகாப்பு என்கிறார்கள். ஆனால் காஃபின் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். இரண்டு வாரம் குறைத்துப் பாருங்கள். படபடப்பு தொடர்ந்தால் இசிஜி எடுக்க வேண்டும். அழுத்தம் பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் டீ வேண்டாம், அளவு கூடிக் காட்டும்.

டீயால் ரத்தசோகை வருமா?

டீயிலுள்ள பாலிஃபீனால்கள் (கேட்டச்சின்களும் இந்த வகைதான்) சைவ உணவின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாமல் செய்யும். சாப்பாட்டோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பெரும்பகுதி தவிர்க்கலாம். இரும்பு மாத்திரைக்கும் இதே விதி. ஹீமோகுளோபின் குறைந்தால் இதயம் கூடுதலாக உழைக்கிறது என்பதால், இதயநோயாளிகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கிரீன் டீ மாத்திரை எடுத்தால் சீக்கிரம் பலன் கிடைக்குமா?

வேண்டாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் ஆராய்ந்தபோது, மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இஜிசிஜி என்ற கேட்டச்சின் எடுத்தவர்களிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்தது தெரிந்தது. ஊறவைத்துக் குடிக்கும் டீ பொதுவாகப் பாதுகாப்பானது என்றும் அதே ஆய்வு சொன்னது.

அறுவை சிகிச்சைக்கு முன்னால்?

நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு மூலிகை டீயின் பெயரையும், எடுக்கும் சத்து மாத்திரைகளையும் எழுதிக்கொண்டு போய் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். சாதாரண டீயை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை அவரே சொல்வார். பல் பிடுங்குவதற்கும் இது பொருந்தும்.

எதைக் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு மலம் தார்போலக் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, மூக்கில் வரும் ரத்தம் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ, காரணமில்லாமல் தோல் கன்றிப் பெரிய நீலத் திட்டுகள் தோன்றினாலோ தாமதிக்காமல் போங்கள். தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் போங்கள். முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சுக் குழறுவது பக்கவாதத்தின் அடையாளங்கள். நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி மாரடைப்பாக இருக்கலாம். ஆம்புலன்ஸை அழையுங்கள். கிளம்பும்போது மாத்திரைச் சீட்டோடு, சமீபத்தில் குடித்துவந்த மூலிகை டீயின் பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.